ஆறு சதுரங்களுக்குள் செலின்

மைசூருவில் ஒரு கல்லூரி நடத்திய ஐந்து நாள் இலவசப் பயிற்சிக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். செயற்கைக்கோள் படங்கள் இனி விஞ்ஞானிகளின் தனிச்சொத்து அல்ல, பொதுமக்கள் எவரும் இணையத்திலிருந்து இறக்கிப் பார்க்கலாம், பார்க்கவும் கற்றுத்தருவோம் என்பது ஏற்பாடு. முப்பத்தேழு பேருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. மிச்சமிருந்த பொதுமக்கள் ஜேக்கப் ஒருவர்தான்.

ஜேக்கப்புக்கு வயது அறுபத்தொன்று. டயர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்த்தவர். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவியே எங்கே கொப்புளம் என்று சொல்லிவிடுவார். கணினியில் அவர் அதுவரை நிகழ்த்தியிருந்த சாதனை, ரயில் டிக்கெட் ஒன்றைத் தவறான தேதிக்கு எடுத்தது.

விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்துக்கு வேளாண்மை, வனம், பேரிடர், நகரத் திட்டமிடல் என நான்கு தேர்வுகள். மனைவியைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்தல் என்று ஐந்தாவது இல்லை. படிவம் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அவர்களே யோசிக்க முடியுமா? ஜேக்கப் கொஞ்சம் தயங்கி, நகரத் திட்டமிடலைத் தேர்ந்தெடுத்தார்.

செலின் இறந்தது 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், ஆஸ்பத்திரியில். அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு மாடியில் ஜேக்கப் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அடக்கத்துக்குப் போனவன் செலினின் தம்பி எலியேசர். "அக்காவ எங்கடா வச்சீங்க?" என்று ஜேக்கப் போனில் திணறிக்கொண்டே கேட்டபோது, "தூங்குமூஞ்சி மரத்தடியில மாமா. நல்ல நெழல்" என்றான்.

ஜேக்கப் பிழைத்தார். ஆனால் நுரையீரல் தேறி அவர் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோக ஒரு வருடம் ஆனது. அதற்குள் மதில் கட்டுவதற்காக மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, மண்ணை நிரவியிருந்தார்கள். செலின் இறந்த மாதத்துப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன, இடங்கள் இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் கால் வலித்த இடத்தில் ஏற்றிவிட்டு வருவார்.

இந்த வருடம் கல்லறைத் தோட்டக் கமிட்டி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. அடையாளம் தெரியாத இடங்களைச் சமன்செய்து அடுக்குக் கல்லறை கட்டப்போகிறார்கள். மாத இறுதிக்குள் ஆதாரம் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் அவரவர் பகுதியில் ஒரு கல் நட அனுமதி.

பயிற்சியாளர் ரூபா, ஜேக்கப்பின் மேசைக்கு வந்தாள். "அங்கிள், நகரத் திட்டம்னு போட்டிருக்கீங்க. எந்த ஏரியா பாக்கறீங்க?"

"ஒரு மரம்மா."

"ஒரே மரமா?"

"ஒன்னுதான். அதுவும் இப்ப இல்ல."

பக்கத்து மேசை மதன் சிரித்தான். "நாங்கெல்லாம் ஏரியத் தேடறோம், நீங்க மரத்தத் தேடறீங்களே சார்!"

"உங்க ஏரி மட்டும் இருக்கா தம்பி?"

மதன் தன் திரைக்குத் திரும்பினான்.

ரூபா விளக்கினாள். இலவசப் படத்தில் ஒரு சதுரம் என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். "ஆளெல்லாம் தெரியாது அங்கிள்."

"ஆள் வேண்டாம்மா."

அடக்கம் நடந்தது மே பத்தொன்பது. கடமை தவறாத செயற்கைக்கோள் அன்று காலையில் மைசூருவின் மேல் வந்திருந்தது. ஜேக்கப் படத்தைத் திறந்தார். முழுக்க வெள்ளை. "மோட அங்கிள், மேகம். அன்னிக்கு ஒன்னும் சிக்காது" என்றாள் ரூபா. ஜேக்கப் அந்த வெள்ளையைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். வெள்ளைதான் பெரிதானது.

ஆனால் நான்காம் நாள் மரம் அகப்பட்டது. செடிகொடியைச் சிவப்பாகக் காட்டும் படத்தில், 2022 பிப்ரவரியில் ஆறு சதுரங்கள் சிவப்பு. மார்ச்சில் அதே ஆறும் சாம்பல். இருபதுக்கு முப்பது மீட்டர். மைசூருவில் அதில் ஐந்து மனை போட்டு விற்றுவிடுவார்கள். ஜேக்கப்புக்கு அது உள்ளங்கை அளவாகத் தெரிந்தது.

"மேலேருந்து பாத்தது பாதிதான் அங்கிள்" என்றாள் ரூபா. "தரையில இருந்த ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். இந்தப் படிவத்துல களச் சாட்சின்னு கையெழுத்து."

"இருக்கான். என் மச்சினன்."

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் ஜேக்கப் போனைப் பார்த்துப் பார்த்து நடந்து, சுண்ணாம்புத் தூளால் நான்கு மூலைகளைக் குறித்தார். நாலு வருடத்தில் அவர் இப்படிச் சுறுசுறுப்பாக நடந்து யாரும் பார்த்ததில்லை. "கையெழுத்துப் போடுடா."

எலியேசர் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், கழற்றினான். "மாமா, நான் உள்ள வரல."

"இப்ப வந்துதானடா நிக்கற?"

"அன்னிக்கு. பயம் மாமா. வீட்டுல கைக்கொழந்த. கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன். நீங்க எங்கன்னு கேட்டீங்க. வெளிய இருந்து பாத்தா அந்த மரம் ஒன்னுதான் தெரிஞ்சுது."

விஞ்ஞானத்தின் மேல் ஒரு பிழையும் இல்லை. ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது சொன்னபடியே மரம் அங்கேதான் நின்றிருந்தது.

ஜேக்கப் யாருடைய கல்லறை விளிம்பிலோ உட்கார்ந்தார்.

"ஆமான்னே போட்டுருங்க மாமா, நான் கையெழுத்துப் போடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"இதுக்குக் கீழ வேற யாரோட ஆளாவது இருந்தா?"

படிவத்தை முழங்காலில் வைத்து, 'களச் சாட்சி உறுதிசெய்கிறாரா?' என்பதற்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் ஜேக்கப்பே கோடு போட்டார். கமிட்டிக்குக் காட்ட அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் படிவம். அந்தக் கோட்டோடு செலினுக்குக் கல் இல்லை என்று ஆனது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"கேட்டுல இருந்து என்ன தெரிஞ்சுது?"

"மாமா..."

"தெரிஞ்சத மட்டும் சொல்லு."

"நாலு பேரு. வெள்ளை டிரஸ், மூஞ்சி தெரியல. மழை தூறிட்டு இருந்துச்சு. தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழியில ஒருதடவ எறக்கினாங்க."

"போட்டாங்களா, வச்சாங்களா?"

"வச்சாங்க மாமா. மெதுவாத்தான். ஒருத்தன் மொதல்ல குனிஞ்சு, கீழ கெடந்த கல்லு ஒன்னக் கையால தள்ளிவிட்டான். அப்புறம்தான் வச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கிட்டு வளைஞ்சு போயிட்டாங்க. எந்தப் பக்கம்னு தெரியல."



"மறுபடி சொல்லுடா. கல்லத் தள்ளினான்ல, அதுலேருந்து."