வடிகட்டியில் நின்ற அறிவித்தல்

பின்னேரம், அஸர் பாங்கு ஓய்ந்த நேரம். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த மீன்கார அப்துல் ஸமடிடம் சுபியான் கீரி மீன் வாங்கிக்கொண்டிருந்தான். தராசைத் தூக்கிப் பிடித்தபடியே அவர் கேட்டார்:

"என்ன வாப்பா, சல்மா உம்மாட ஜனாஸாவுக்கு உன்னக் காணல்ல?"

"எந்தச் சல்மா உம்மா?"

"நல்லாக் கேட்டாய். உனக்குப் பால் தந்த மனிசிதான். காலையில சுபஹோட மௌத்து, பகல் லுஹரோட அடக்கியாச்சு. நீ கொழும்புக்குப் போயிட்டாய் எண்டுதான் நாங்க நினைச்ச."

சுபியான் மீன் பையை வாங்கவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தான். அப்படியொரு செய்தி வந்திருக்கவே இல்லை.

அவன் பிறந்தது மருதமுனையில். பெற்ற தாய் காய்ச்சலில் விழுந்து கிடந்த நாட்களில், அடுத்த வீட்டுச் சல்மா உம்மா தன் கைக்குழந்தை அம்ஹாவுக்குக் கொடுத்த பாலை இவனுக்கும் கொடுத்தார். மார்க்கப்படி அவன் அவருக்கு மகன், அம்ஹாவுக்குச் சகோதரன். ஆண்பிள்ளை இல்லாத அவர், "என்னக் கபுறுக்குள்ள இறக்கிற கை உன்ட கையா இரிக்கோணும்" என்று சொல்லாத பெருநாள் கிடையாது. "முதல்ல வட்டிலப்பத்த இறக்குங்க உம்மா, மத்தத பிறகு பாப்பம்" என்று இவன் பகிடி விடுவான்.

கலியாணத்துக்குப் பிறகு, ஊர் வழக்கப்படி, மனைவி பரீனாவின் வீட்டோடு சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டான். மருதமுனைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இங்கே கேட்காது. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்தான். ஒன்றுக்கொன்று பாஷை புரியாத மென்பொருள்களுக்கு நடுவில் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அதற்கு அவன் பாவித்தது யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்று. ஒரு செய்தி எந்த வழியால் வரவேண்டும், எங்கே பிரிய வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அதில் எழுதிவைக்கலாம்.

அதே மென்பொருளில் ஊருக்காகவும் ஒன்று செய்தான். கூடப் படித்த றினாஸும் சேர்ந்துகொண்டான். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் தன் போனில் மௌத்து அறிவித்தலைப் போட்டால், அது பதிந்துள்ள எல்லாருக்கும் போகும், டோஹாவில் இருப்பவர்களுக்கும் கூட. ஒரே மௌத்தை இரண்டு பள்ளிகள் அனுப்பினால் ஒன்றுதான் போகும். போய்ச்சேராமல் விழுந்த செய்தி தனியாக ஒரு பெட்டியில் ஒதுங்கும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து அந்தப் பெட்டியைப் பார்ப்பது சுபியானின் வழக்கம். "செய்தி விழலாம்டா, தொலையக்கூடாது" என்று றினாஸுக்கு அடிக்கடி சொல்வான்.

ஜனங்கள் அதை நம்பிப் பழகிவிட்டார்கள். ஆளனுப்பிச் சொல்வதும், வீடு வீடாகப் போன் எடுப்பதும் குறைந்துபோனது.

லெப்டொப்பைத் திறந்தான். ஒதுக்குப் பெட்டி வெறுமையாக இருந்தது. ஆனால் அறிவித்தல் காலையிலேயே வந்திருக்கிறது. அனுப்பியவருக்கு 'சேர்ந்தது' என்ற பதிலும் போயிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், குறித்த சில செய்திகளை மட்டும் நிறுத்திவைக்கும் ஒரு வடிகட்டி. அதை அவன் எழுதவில்லை. அதில் கைவைக்கக்கூடிய மற்ற ஆள் றினாஸ்தான்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான் றினாஸ். சுபியானின் முகத்தைக் கண்டதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஓம், நான்தான் போட்டன். இரி, முதல்ல தேத்தண்ணி குடி."

"எப்ப போட்ட?"

"மருதமுனைப் பெரிய பள்ளி ரெண்டாப் பிரிஞ்ச நேரம். பிரிஞ்சு போனவங்கட அறிவித்தல் நம்மட வழியால போகக்கூடாது எண்டு பெரிய பள்ளிய நடத்துற மரைக்காயர்மார் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?"

"எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாம்."

"சொன்னா நீ விடுவாயா? மௌத்துல என்ன கட்சி எண்டு கேட்டு அவங்களோட சண்டைக்குப் போவாய். எனக்கு ஊருக்குள்ள கடை இரிக்கி மச்சான். நீ வீட்டுக்குள்ள இருந்து வெள்ளைக்காரனுக்கு வேல செய்ற ஆள்."

"அப்ப பிழை எண்டு திருப்பி அனுப்பியிரிக்கலாமே. அவங்க வேற வழியால சொல்லியிரிப்பாங்களே."

றினாஸ் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"பிழையா விழுந்தா உன்ட பெட்டிக்கு வரும். நீ கண்டுபுடிப்பாய். வடிகட்டியில நிண்டா மென்பொருளுக்கு அது முடிஞ்ச வேல. 'சேந்தது' எண்டு பதிலும் போயிடும். அதனாலதான் அப்பிடிப் போட்டன்."

சுபியான் உட்காரவில்லை. செய்தி எங்கே விழும், எங்கே விழாது என்று இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான். சின்ன வேலை ஒன்று நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தது. சுபியானின் கண்ணில் மட்டும் படாமலிருக்கச் செய்யப்பட்ட வேலை.

"நிண்டது சல்மா உம்மாட மௌத்து எண்டு எனக்குத் தெரியாது, அல்லாஹ்வாணை," என்றான் றினாஸ், அவன் படியிறங்கும்போது.

மருதமுனை வீட்டில் ஆட்கள் வந்தும் போயும் இருந்தார்கள். அம்ஹாவின் புருசன் பர்ஹான் ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டான். அம்ஹா உள்ளறைக் கதவோடு சாய்ந்து நின்றாள்.

"இப்பதான் நேரம் கிடைச்சதா?"

"எனக்குச் செய்தி வரல்ல அம்ஹா."

"உனக்கு வரல்லயா? ஊருக்கெல்லாம் செய்தி அனுப்புறவன் நீதானே? உடனேயே 'சேந்தது' எண்டு பதில் வந்திச்சாம். உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிரிக்கும் எண்டு இவர் சொன்னார். நானும் அப்பிடித்தான் நம்பின."

"ஒரு போன் எடுத்திரிக்கலாமே."

"எடுக்கத்தான் போன. அதுக்குள்ள ஆக்கள் சொன்னாங்க, அவன் பெரிய பள்ளிப் பக்கம், வரமாட்டான், கெஞ்சப் போறயா எண்டு. கபுறடியில கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துக்கொண்டு நிண்டாங்களாம். பிறகு இவர்தான் இறங்கி வச்ச."

நடந்ததைச் சொன்னான். வடிகட்டியைப் பற்றி, றினாஸைப் பற்றி, தான் அறியாததைப் பற்றி. அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"எத்தின மாசமா எங்கட பள்ளி மௌத்து ஒண்டும் உனக்கு வரல்ல. எங்கட பக்கம் ஒருத்தரும் மௌத்தாகல்ல எண்டா நினைச்ச நீ?"

சுபியான் விழுந்ததை மட்டுமே தினமும் பார்த்திருந்தான். வராததைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. றினாஸ் ஏமாற்றியது ஒரு பக்கம். அந்த வெறும் பெட்டியைக் கண்டு ஒவ்வொரு காலையும் நிம்மதிப்பட்டது தானேதான்.

"யாஸீன் ஓதிட்டுப் போ," என்றாள் அம்ஹா. சாப்பிடச் சொல்லவில்லை.

அன்றைக்கே வடிகட்டியை எடுத்துவிட்டான். ஆனால் பிரிந்துபோன பள்ளிக்காரர்கள் அதற்குப் பிறகு அந்த வழியால் எதையும் அனுப்பவில்லை. அவர்களுடைய மோதினார் திரும்பவும் ஆளனுப்பியே சொல்கிறார். றினாஸ் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தான். பரீனா வாசலில் வைத்தே கதைத்து அனுப்பினாள். மருதமுனைக்கு சுபியான் வெள்ளிக்கிழமைகளில் போய், உம்மாவை அடக்கிய மையவாடியில் ஸலாம் சொல்லிவிட்டு வருகிறான். அம்ஹாவின் வீட்டு வாசலால்தான் போக வேண்டும். சில நாளில் உள்ளே கூப்பிடுகிறாள், சில நாளில் இல்லை.

அந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறான். வடிகட்டியில் நின்ற செய்திக்கு 'சேர்ந்தது' என்று பதில் போகாமல், 'நிறுத்தப்பட்டது' என்று அனுப்பியவருக்குச் சொல்லும் திருத்தம். எங்கோ ஒரு நாட்டிலிருந்து அதைப் பார்த்தவர் நன்றாக இருக்கிறது என்று எழுதி, சோதித்துப் பார்க்க மாதிரி அறிவித்தல் ஒன்று மட்டும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறார். ஒரு பெயர், ஓர் ஊர், அடக்கும் நேரம், அவ்வளவுதான். ஊர் மருதமுனை, நேரம் லுஹர் என்று எழுதியாயிற்று. பெயர் இன்னும் எழுதப்படவில்லை.