இருபத்து நாலு வீட்டிலும் ஒரே பதில்

வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களை எப்படித் தீட்டுவது, முடிந்த பிறகு அவற்றால் யாருக்காவது பயன் இருந்ததா என்று எப்படி மதிப்பிடுவது, இதைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் முப்பத்து மூன்று வயதில். பகலில் குன்னூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை, சாயங்காலம் ஆன்லைனில் வகுப்பு. பாடம் எடுத்தவர் எங்கோ ஒரு குளிர்நாட்டு அம்மையார். அவர் பேசுவதில் முக்கால்வாசி எனக்குப் புரியும். புரியாத கால்வாசியிலிருந்துதான் பரீட்சைக்கு வரும் என்று நானே முடிவு கட்டிப் பயந்துகொண்டிருப்பேன். எனக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை, நேரம் கிடைத்தால் போதும்.

அந்தப் படிப்பின் சாரமெல்லாம் ஒரே ஒரு அட்டவணைதான். என்ன செய்தோம், அதனால் என்ன கிடைத்தது, யாருடைய வாழ்க்கை எப்படி மாறியது, அதற்கு என்ன ஆதாரம். "நல்லது நடந்ததுன்னு சொல்லாதே, நடந்தது உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு" என்று அம்மையார் ஆங்கிலத்தில் பிடிபிடியென்று பிடிப்பார். அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திருட்டு முழி வந்துவிடும்.

கடைசி வேலையாக, முடிந்துபோன ஒரு திட்டத்தை நேரில் போய் மதிப்பிட்டு எழுத வேண்டும். நடுவட்டம் பக்கத்தில் என் அம்மா இருக்கும் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் குடிதண்ணீர்க் குழாய் போட்டிருந்தது. கீழ் லயம், மேல் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். எல்லாரும் தேயிலைத் தொழிலாளர்கள், எல்லாம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். என் அம்மா மேல் லயம். கோடையில் மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று தெரிந்தால் உயரத்தில் இரண்டாவது தொட்டி கட்டித் தருகிறோம் என்று பணம் கொடுத்தவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். ஏறுகிறதென்றால் திட்டம் அதோடு முடிந்தது.

"ஏனுங்க, இதையே எழுதுங்க. உங்க படிப்புக்கும் ஆச்சு, நம்ம ஆபீஸுக்கும் ஆச்சு. நீங்க எழுதறதயே அவங்களுக்கு அனுப்பிடலாமுங்க" என்றார் எங்கள் இயக்குநர். கோயமுத்தூர்க்காரர், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் கிடைத்தால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். என் மார்க்கு போனால் போகட்டும், நான் தப்பாக எழுதித் தொட்டி போய்விட்டால் என்ன செய்வது?

மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவங்களோடு போனேன். மேல் லயத்தில் இருபத்து நாலு வீடு. கதவைத் தட்டினால் சிரித்த முகம், பிளேன்டீ, அப்புறம் பதில். "தினமும் வருது. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு கொறையும் இல்ல." அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இத்தனை சுத்தமான விவரத்தைப் பார்த்தால் அம்மையாரே அசந்துபோவார் என்று பூரித்துப்போனேன். எங்கள் வீட்டுப் படிவத்தை யாரையும் கேட்காமல் நானே நிரப்பினேன். நான் சனிக்கிழமை வரும்போதெல்லாம் டிரம்மில் தண்ணீர் தளும்பிக்கொண்டுதானே இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது?

கடைசி வீட்டை முடித்துவிட்டுக் கையில் ஒட்டியிருந்த மையைக் கழுவலாம் என்று லயத்துக் கோடிக் குழாயைத் திறந்தேன். காற்றுக்கூட வரவில்லை. குழாயின் கழுத்தில் கொடிக்கயிற்றைக் கட்டி யாரோ ஒரு பாவாடையும் இரண்டு சட்டையும் காயப்போட்டிருந்தார்கள். தினமும் தண்ணீர் பிடிக்கிற குழாயில் யாராவது கொடி கட்டுவார்களா?

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், வாய்க்கு வஞ்சகம் இல்லாதவர். "அக்கா, தண்ணி வருதுன்னு இப்பத்தான சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா சொன்னேன்" என்று சிரித்தார். "ஒங்கம்மாதான் நேத்து ஊடு ஊடா வந்து சொல்லிட்டுப் போச்சு. நம்ம புள்ளைக்குப் பரீட்சை, யாரும் கொற சொல்லி மார்க்கக் கொறச்சுப்புடாதீங்கன்னு. எல்லாரும் பேசி வச்சுத்தான் சொன்னோம். பாஸாயிருவதான?"

அடப்பாவிகளா என்று கத்தத் தோன்றியது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? எழுதுகிறவர் வருகிறார் என்றால் முதல் நாளே கூடிப் பேசி ஒரே பதிலாக வைத்துக்கொள்வது லயத்து வழக்கம். இலங்கையில் இருந்தபோது அவர்களை எத்தனையோ பேர் வந்து கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். யார் அங்கேயே இருக்கலாம், யார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு பேப்பரில்தான் முடிவாகியிருக்கிறது. தனியாக ஒருத்தர் வேறு பதில் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுக்கு அப்போது படிந்த புத்தி. அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் மூன்று மாதம் படித்த படிப்பைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியிருக்கிறேன்.

அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "தண்ணி வருதுன்னு எழுதினா தொட்டி கட்ட மாட்டாங்கம்மா! உனக்கு யாரு இந்த வேலையச் சொன்னது?"

"கொற சொல்ற ஊட்டுப் பேரத்தான்டி மொதல்ல வெட்டுவாங்க."

"அது அங்க. இது அங்க இல்ல."

"பேரு எழுதுறது எங்கயும் ஒண்ணுதான்" என்றார். நான் இன்னும் ஏதேதோ கத்தினேன். அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இயக்குநருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "எல்லாரும் தண்ணி வருதுன்னு சொல்லியிருக்கறப்ப ரெண்டாவது தொட்டி எதுக்குன்னு கேப்பாங்கல்லங்க? வெள்ளிக்கிழம அனுப்பணும், பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார். படிவத்தை நானே திருத்தி எழுதினால் அது மோசடி. மறுபடி போய்க் கேட்கலாமென்றால், விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா அதற்குள் தயாராகிவிட்டார். "அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க? நாளைக்கு வா. சொட்டுத் தண்ணி வரலன்னு எல்லாரையும் சொல்லச் சொல்றேன்." இருபத்து நாலு வீட்டிலும் மறுபடி ஒரே பதில்! சரி, வாயைத் திறந்து ஒன்றும் கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்து எழுதுவோம் என்று திங்கட்கிழமைக்கு லீவு சொன்னேன்.

கீழ் லயத்துக்கும் கீழே, பள்ளத்தில், மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு தகரத் தகட்டின் வழியாக விழும். இலங்கைப் பேச்சில் அதைப் பீலி என்பார்கள். குழாய் வருவதற்கு முன் எல்லாருக்கும் அதுதான் தண்ணீர். ஐந்தரை மணிக்கு அலாரம் அடித்து எழுந்தபோது அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நோட்டோடு இறங்கினேன். ஒரே பனிமூட்டம். தேயிலைக்குள் காட்டுமாடு படுத்திருந்தால் பக்கத்தில் போய் முட்டும்வரை தெரியாது. செடி அசையும்போதெல்லாம் நின்று நின்று போனேன்.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். யாருமே வராவிட்டால்? நேற்றைய சண்டை காதில் விழுந்து, எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டால்? ஆறு மணிக்குமேல் ஒவ்வொருவராக மேல் லயத்திலிருந்து குடத்தோடு இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்கள். "இன்னைக்கி மட்டுந்தான் கண்ணு" என்றார் ஒருவர். "சும்மா, துணி அலச" என்றார் இன்னொருவர், துணியே இல்லாமல். நான் ஒன்றும் கேட்கவில்லை. மணியும் குடமும் மட்டும் குறித்தேன். பெயர் எழுதினால்தான் ஆதாரம், ஆனால் பெயர் எழுதுகிறேன் என்றால் குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். அம்மையார் கேட்பது எனக்குக் காதிலேயே கேட்டது. யாரோ பெயரில்லாதவர்கள் ஒரு நாள் காலையில் குடம் தூக்கினார்கள் என்பதை வைத்து யார் தொட்டி கட்டுவார்கள்?

ஏழு மணி தாண்டி அம்மா வந்தார். இடுப்பில் குடம். என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"என்னாடி எழுதுற?"

"கொடம்."

"எத்தன ஆச்சு?"

"ஒன்னோட சேத்து முப்பத்தொண்ணு."

குடத்தைப் பிடித்து இடுப்பில் ஏற்றினார். நாலு எட்டு நடந்து நின்றார். திரும்பாமலே சொன்னார். "முப்பத்து மூணுன்னு போடு. நீ எந்திரிக்கும் முன்னயே நான் ரெண்டு நட வந்துட்டுப் போயிட்டேன்."

அந்த இருட்டிலா, காட்டுமாடு கிடக்கிற பாதையிலா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "எல்லாச் சனி ஞாயிறும் இப்பிடித்தானாம்மா?"

"நீ வந்தா தலைக்குக் குளிப்பேல்ல" என்றார்.

எனக்குப் பேனா ஓடவில்லை. வாரா வாரம் அந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு, மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.

"எழுதுடி. பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புட நேரமாச்சு."

"பேரு போட்டாத்தான்மா நம்புவாங்க."

அம்மா மற்றவர்களைப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எம் பேரப் போடு. மூணு கொடம்னு போடு" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போனார். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்து, நோட்டைக் குனிந்து பார்த்து, "அதுக்குக் கீழ என் பேரு" என்றார்.