அடியைக் குறைத்துக்கொண்ட அமலதாஸ்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அமலதாஸின் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். "அண்ணே, மாமா தவறிட்டாருண்ணே. காலைல மூச்சு முட்டுதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." நான் "சரிப்பா" என்றேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அச்சு முறிந்து நடுரோட்டில் நின்றதால் அரியலூர் போய்ச் சேர வெகுநேரமானது. ஆலைக்குள் போய், சார்ஜ் எடுத்து, திரையில் சூளையின் சூட்டைப் பார்த்த பிறகுதான் செத்தது யார் என்பது மண்டையில் ஏறியது. எனக்கு முந்தைய ஷிஃப்ட் பார்த்த பழனிவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்கண்ணே, நான் இருந்துக்குறேன்" என்றார். வேலை முடித்து எழுந்த மனுஷன் மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆலையில் அமலதாஸை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் ஏலாக்குறிச்சி. மனைவி ஸ்டெல்லா அங்கேயே பள்ளிக்கூட டீச்சர். சிமென்ட் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அவனும் நானும் ஒருவருக்கு ஒருவர் மாற்று. அவன் எழுந்தால் நான் உட்கார வேண்டும், நான் எழுந்தால் அவன். மாற்று ஆள் வந்து சார்ஜ் எடுக்காமல் யாரும் நாற்காலியை விட்டு நகரக் கூடாது. பாதி ஆயுள் இப்படியே போயிற்று. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். 'யோவ்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது வரவில்லை, மன்னியுங்கள்.

அவன் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு ஆடுவான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நாலு வீரர்களைக் கூட்டிக்கொண்டு காடு மலை தாண்டிப் போய், முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஓர் ஊரைக் காப்பாற்ற வேண்டும். சண்டை முறை வைத்து நடக்கும். நாம் ஒரு அடி அடித்தால் எதிரி ஒரு அடி அடிப்பான். நம் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதுதான் அவனுக்குப் பிடித்தது. "இங்க எந்த அலாரமும் கத்தாதுய்யா. டீ குடிச்சிட்டு வந்து அடிச்சாக்கூட அவன் அங்கயேதான் நிப்பான்" என்பான். ஆனால் அந்த விளையாட்டுக்குள் ஒரு நாள்காட்டி உண்டு. பௌர்ணமிக்குள் போய்ச் சேராவிட்டால் ஊர் விழுந்துவிடும். நடந்தாலும் ஒரு நாள் கழியும், காயம் ஆற வீரர்களைத் தூங்க வைத்தாலும் ஒரு நாள் கழியும்.

இதையும் நாங்கள் ஷிஃப்ட் வைத்துத்தான் ஆடினோம். ஒரே லேப்டாப், ஒரே ஆட்டம். அவனுக்கு லீவு வரும் நாளில் அவன் ஆடுவான், எனக்கு வரும் நாளில் நான். கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து முறையாகச் சார்ஜ் கொடுப்போம்: யாருக்குக் காயம், எந்தப் பாலம் உடைந்தது, பௌர்ணமிக்கு எவ்வளவு பாக்கி. முந்தைய ஷிஃப்ட் செய்ததை நொட்டை சொல்லக் கூடாது என்ற ஆலை வழக்கமும் அதில் உண்டு. அதை மீறி நாங்கள் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்கு. செட்டிங்ஸில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று எதிரியின் பலம், இன்னொன்று கெடு. என் முறை வந்தால் எதிரியின் பலத்தை ஏற்றிவிடுவேன். அவன் முறை வந்தால் இறக்கிவிடுவான்.

"என்னய்யா, பொடிப் பசங்க ஆடுற மாதிரி வெச்சிருக்க?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"அடி பலமா விழணும்னு நீ ஏன்யா கேட்டு வாங்குற?" என்றான். "ஒரு அடி வாங்குனா ஒரு நாள் படுக்கணும். அடி கொறைஞ்சா நாள் மிச்சம். கணக்கு அவ்ளோதான்."

"அப்ப கெடுவையே கூட்டிக்கிட வேண்டியதுதான?"

"அது ஆவாது. கெடு இல்லன்னா நாம எதுக்குக் கெளம்புறோம்?"

கடைசிவரை அந்தத் திருகை அவன் தொடவில்லை.

ஒரு தடவை எங்கள் வைத்தியக்காரி செத்துப்போனாள். அந்த விளையாட்டில் செத்தவர் திரும்பி வருவதில்லை. எப்படிச் செத்தாள் என்று கேன்டீனில் உட்கார்ந்து ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, வெகுநாளாக அந்த நாலு பேரையும் நாங்கள் தூங்கவே வைத்திருக்கவில்லை. ஒரு நாள் வீணாகிவிடுமே என்று நான் அவன் ஷிஃப்டுக்குத் தள்ளினேன். அவன் என் ஷிஃப்டுக்குத் தள்ளினான். ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு மட்டுமே வரும் வியாதி இது. வேலையை ஒத்திப் போட்டால் அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று உடம்பே நம்பிவிடுகிறது. "நீ தூங்க வெப்பேன்னு நெனச்சேன்யா" என்றான். "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அன்று அவன் ஒரு சட்டம் போட்டான்: "சார்ஜ் எடுத்ததும் மொதல்ல எல்லாத்தையும் தூங்க வை. ஊரப் பத்தி அப்புறம் யோசி."

அவன் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பெரம்பலூர் டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். ராத்திரி வேலை கூடாது, சூளையை ஒட்டிய உயரமான டவரில் ஏறக் கூடாது என்றார். அமலதாஸ் மறுநாளே மேனேஜர் அறைக்குப் போய், பகல் மட்டும் பார்க்கும் ஜெனரல் ஷிஃப்ட் கேட்டான். எங்கள் ஆலையில் அப்படிக் கேட்பது எவ்வளவு கேவலமாகப் பார்க்கப்படும் என்று உங்களுக்கே தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டவர் ஏறியவர்களையே நாம் வீரன் என்று சொல்லி வந்திருக்கிறோம். "அமலண்ணன் ஈஸி மோடுக்குப் போயிட்டாரு" என்று புதுப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவன் கோபப்படவில்லை. "ஆமாய்யா, அடியக் கொறச்சிக்கிட்டேன். கெடு நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். அப்படிக் கேட்டு வாங்கிய பகல்களில்தான் மகளுக்குக் கல்யாணம் செய்தான், பேரனைத் தூக்கினான், ஏலாக்குறிச்சி வயலில் மறுபடி எள் விதைத்தான்.

ராத்திரிகள் எங்கள் தலையில் விழுந்தன. ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள், புது ஆள் எடுக்கவில்லை, நாங்கள் டபுள் ஷிஃப்ட் பார்த்தோம். எனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. அமலதாஸ் அந்தக் காலைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான். "செல்வம், நீயும் போய்க் கேளுய்யா" என்பான். சூளையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு முடியட்டும் என்பேன். அது முடிந்தால் தீபாவளி முடியட்டும் என்பேன். "எவன் ஷிஃப்டுக்குத் தள்ளுற?" என்று ஒரு நாள் கேட்டான். நான் காலை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்கு ஏலாக்குறிச்சியில் கூட்டம் அதிகம். கோயிலுக்கு வந்த வெளியூர் பஸ் ஒன்று திருப்ப முடியாமல் சந்தில் மாட்டிக்கொள்ள, பெட்டியைத் தூக்கியவர்கள் வெயிலில் நின்று தோள் மாற்றிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன், கால் தாங்கவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஸ்டெல்லா லேப்டாப் பையை என்னிடம் கொடுத்தாள்.

"இது உங்க முறைன்னாருண்ணே. சனிக்கிழமை கொண்டாந்து குடுக்கணும்னுட்டு இருந்தாரு."

"வேணாந்தங்கச்சி, பேரன் ஆடட்டும்."

"நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணே. எனக்கு அதப் பாக்க முடியல." பிறகு என் காலைப் பார்த்தாள். "அண்ணி என்னா சொல்றாங்க? இன்னும் டாக்டர்கிட்ட போவலயா நீங்க?" புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி இது. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் திறந்தேன். நாலு பேரும் காயமாறி நின்றார்கள். எதிரியின் பலம் அவன் வைத்தபடி கீழேதான் இருந்தது. ஏற்றவில்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாள் ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம். கதவு திறந்தது, ஜனங்கள் ஓடி வந்தார்கள், மணி அடித்தது. எதிரியின் பலத்தை எவ்வளவு வைத்து ஜெயித்தோம் என்று அந்தத் திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இத்தனை வருடம் அதற்காகவா அவனோடு சண்டை போட்டேன் என்று இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போய்ப் புண்ணைக் காட்டிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். டாக்டர் சீட்டைக் காட்டி ஜெனரல் ஷிஃப்ட் கேட்டேன். அவரும் பாவம், அவர் கையில் ஆள் இல்லை.

"அமலதாஸ் இடத்துக்கே இன்னும் ஆள் வரல செல்வம். வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கணும்ல சார்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவன் கேட்டபோது நடுங்கியிருக்குமா என்று தெரியவில்லை, நான் கேட்டுவைக்கவில்லை.

அமலதாஸிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவனுடைய கூச்சமில்லாத வாயை. "என்னால இவ்ளோதான் முடியும்" என்று தலை குனியாமல் சொன்ன ஒரே ஆள் எங்கள் ஆலையில் அவன்தான். செல்வமும் ஈஸி மோடுக்குப் போய்விட்டான் என்று பையன்கள் சொல்வார்கள், சொல்லட்டும். மேனேஜரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இன்று எனக்கு ராத்திரி ஷிஃப்ட். வர மாட்டேன் என்று காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டேன்.