எஸ்தர் மேடம் எழுதிய நிறுத்தும் உரிமை

பலராமன்தான் போன் செய்தார். கம்பெனி பஸ்ஸுக்காகக் கூடுவாஞ்சேரியில் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். “சார், எஸ்தர் மேடம் போயிட்டாங்க. காலைல சேலையூர் வூட்ல பேப்பர் படிச்சிகினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு” என்றார். பஸ் வந்து நின்றது, இரண்டு முறை ஹார்ன் அடித்தது, போய்விட்டது. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.

பலராமனுக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. அந்தக் கை போனதில் எனக்குப் பங்கு உண்டு, எஸ்தர் மேடத்துக்கும் உண்டு. மேடத்தை அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளித்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. வண்டிகளுக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி வளைத்துக் கொடுக்கிறோம். நான் உற்பத்தி மேலாளராக இருந்தேன். எஸ்தர் கிருபாவதி ஒப்பந்தப் பிரிவின் தலைவி. யாரிடம் எதை வாங்கினாலும், பழுது வந்தால் யார் பொறுப்பு, யார் யாருக்கு எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எழுதுபவர் அவர். மற்ற கம்பெனிகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் பழைய ஒப்பந்தத்தில் பெயரை மாற்றிக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு முறையும் தலையில் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவார். மெஷினில் நிற்பவரிடம், “இது உங்களை எப்படி அடிக்கும்?” என்று கேட்பார். முதல் தடவை கேட்டபோது ஆட்கள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க. ஒவ்வொரு மெஷினும் ஒரு மாதிரி அடிக்கும். அது தெரிஞ்சாதான் என்னால எழுத முடியும்” என்றார்.

எங்களிடம் ஆறு பெரிய பிரஸ் மெஷின்கள். அவற்றுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கினோம். அதைச் செய்தவர்கள் தங்கள் ஆபீசிலிருந்தே இணையம் வழியாக உள்ளே வந்து சரிபார்க்கலாம், அதுதான் அதன் பெருமை. எஸ்தர் மேடத்துக்கு அதுதான் உறுத்தியது. “அவங்க வர்ற வழியில வேற எவனும் வரலாம்” என்றார். ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார். பெட்டியில் குறை இருப்பதோ, தங்கள் கணினிக்குள் வெளியாள் புகுந்ததோ தெரியவந்தால் விற்றவர் அன்றைக்கே எழுத்தில் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்களுடைய பதிவுகளைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதே பெட்டியை வாங்கிய மற்ற தொழிற்சாலைகளையும் எச்சரிக்கலாம். கடைசியாக ஒரு வரி: ஆபத்து என்று சந்தேகப்படும் எந்தத் தொழிலாளியும், யாரையும் கேட்காமல், மெஷினை நிறுத்தலாம்.

அந்தக் கடைசி வரிக்காக அவரோடு நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோப்பை மேஜை மேல் ஓங்கி அறைந்தேன். “ஆளாளுக்கு நிறுத்தினா நான் எப்படி மேடம் சரக்கு அனுப்பறது? ஆதாரம் இல்லாம எப்படி நிறுத்துவான்?”

“ஆதாரம் வர்ற வரைக்கும் ஓட்டுங்க சார். ஆதாரமா ஒரு கைதான் வரும்” என்றார் அவர்.

நான் மேலிடத்துக்குப் போனேன். ‘யாரையும் கேட்காமல்’ என்பது ‘மேற்பார்வையாளரின் அனுமதியோடு’ என்று மாறியது. எஸ்தர் மேடம் மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தார். நாலாம் நாள் போட்டார்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை மாலை, நாலாம் நம்பர் மெஷினில் இருந்த பலராமன் மேற்பார்வையாளரிடம் வந்து, “சார், பிரஸ் ஒரு தபா தானா இறங்குச்சு. ஒரு மாதிரியா கீது. நிறுத்திடலாமா?” என்று கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். “நாளைக்கு மதியம் பெட்டிக் கம்பெனி ஆள் வர்றான். அதுவரைக்கும் ஓட்டுங்க” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. பிரஸ்ஸின் முன்னால் ஒளித்திரை என்று ஒன்று உண்டு. கை உள்ளே போனால் மேலேயிருந்து வரும் இரும்பு அப்படியே நின்றுவிடும். அந்தத் திரையை நம்பித்தான் பலராமன் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கையை உள்ளே விட்டார். அன்றைக்குத் திரை விழித்திருக்கவில்லை. இரும்பு இறங்கியது. தகடு நசுங்கும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று கேட்டது வேறு. அதற்குப் பிறகுதான் அலறல் வந்தது.

நான் ஓடிப் போனபோது பலராமன் முழங்காலில் இருந்தார். கை உள்ளே மாட்டியிருந்தது. தகட்டின் விளிம்பில் ரத்தம் வழிந்து அவர் சட்டையை நனைத்து ஷூவுக்குள் இறங்கியது. ஒருவர் இரும்புக் கடப்பாறையால் மெஷினையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். பலராமனின் கூட்டாளி முருகேசன் என் சட்டையைப் பிடித்து, கையிலிருந்த ஸ்பேனரால் என் தோளில் போட்டார். “நேத்தே சொன்னான்டா! நேத்தே சொன்னான்!” எலும்பில் விரிசல் விழுந்தது. அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

எஸ்தர் மேடம் மாடியிலிருந்து எப்படி வந்தார் என்று தெரியாது. யாரோ பிரஸ்ஸை மேலே தூக்கப் போனபோது, “தூக்காதீங்க! முதல்ல கட்டணும்!” என்று கத்தினார். என்னிடம் திரும்பி, “பெல்ட்டைக் கழட்டுங்க சார்!” என்றார். என் இடுப்பு பெல்ட்டை உருவி பலராமனின் முழங்கைக்கு மேலே சுற்றி, காலால் மெஷினை உதைத்துப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். ரத்தம் மட்டுப்பட்ட பிறகுதான் தூக்கச் சொன்னார். வெளியே வந்ததைக் கை என்று சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும், “ஆறு மெஷினையும் நிறுத்துங்க” என்றார். நாலாம் நம்பரை மட்டும் நிறுத்தினால் போதும் என்றார் தொழிற்சாலைத் தலைவர். ஒப்பந்தப்படி எஸ்தர் மேடத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் நேராக நடந்து போய், ரத்தம் காயாத கையால் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். ஷெட் முழுவதும் அமைதியானது.

மறுநாள் காலையில் பதினேழாவது பிரிவைக் காட்டி, பெட்டியைச் செய்தவர்களின் ஆபீசுக்குப் போனோம். தோளில் கட்டோடு நானும் போனேன். பதிவுகளைத் திறந்து காட்ட மறுத்தார்கள். மேடம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மதியம் திறந்தார்கள். பத்து நாளுக்கு முன்பே யாரோ வெளியாள் அவர்களுடைய கணினிக்குள் புகுந்திருக்கிறான். எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரே கடவுச்சொல். பல இடங்களில் ஒளித்திரையின் அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். இவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பெயர் கெடும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அங்கேயே யாரையாவது அடிக்கத் தோன்றியது. மேடம் பேனாவை எடுத்து, பார்த்ததையெல்லாம் தேதியோடும் நேரத்தோடும் எழுதி, அவர்களுடைய பொறியாளரிடமே கையெழுத்து வாங்கினார். பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்து, அந்தப் பெட்டியை வாங்கிய ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கடிதம் அனுப்பினார். மெஷினை உடனே நிறுத்துங்கள் என்பதுதான் முதல் வரி.

கடைசிக் கடிதம் போய்க் கால் மணி நேரம் இருக்கும். பெட்டிக் கம்பெனியின் முதலாளி தனசேகர் நாலு பேரோடு மாடி ஏறி வந்தார். கதவுக் கண்ணாடியை ஒருவன் காலால் உதைத்தான். கண்ணாடி சரிந்து விழுந்தது. “இன்னா மேடம், ஊருக்கெல்லாம் லெட்டர் போடப் போறியாமே? கம்ப்யூட்டரைத் தூக்குங்கடா!” மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் சுவரில் போய் மோதியது. தடுக்கப் போன என்னை அடிபட்ட தோளிலேயே குத்தினார்கள். நான் தரையில் கிடந்தேன். தனசேகர் மேஜையிலிருந்த காகிதத் துளைப்பானை எடுத்து எஸ்தர் மேடத்தின் வாயில் அடித்தார். இரும்பு பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். உடைந்த பல்லைக் கையில் துப்பினார். “லெட்டர் எல்லாம் போயாச்சு. இனிமே நீங்க அடிச்சா அது உங்க கோபத்துக்குத்தான். வேற பிரயோஜனம் இல்ல” என்றார்.

தனசேகர் மறுபடியும் அடித்தார்.

அதற்குள் கீழே செய்தி போய்விட்டது. முருகேசனும் இருபது முப்பது பேரும் கையில் கம்பியோடு ஏறி வந்தார்கள். தனசேகரோடு வந்த நாலு பேரும் பின்பக்கப் படியில் ஓடிவிட்டார்கள். தனசேகரைச் சுவரோரம் தள்ளி முகத்திலேயே குத்தினார்கள். முருகேசன் கம்பியை ஓங்கினார். “இவன் கையை ஒடிக்கறேன். அங்க பலராமன் கை போனாப்ல இவனுக்கும் போவட்டும்!” தனசேகரின் வலது கையை மேஜை மேல் இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

எஸ்தர் மேடம் அந்தக் கைமேல் தன் கையை வைத்தார். கம்பி மேலேயே நின்றது.

“மேடம், எடுங்க! உங்க மூஞ்சியப் பாருங்க, இன்னா செஞ்சிருக்கான்னு!”

“பார்த்தேன். கம்பியைக் கீழ போடு முருகேசா. இந்த ஆளை நான் பேப்பர்ல பிடிச்சு வெச்சிருக்கேன். நீ கையை ஒடிச்சா நாளைக்கு இவன்தான் அடிபட்டவன், நீதான் குற்றவாளி. பலராமனை எல்லாரும் மறந்துடுவாங்க.”

பேசும்போது வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. முருகேசன் கம்பியை ஜன்னல் பக்கம் வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். போலீஸ் வரும்வரை எஸ்தர் மேடம் தன்னை அடித்தவனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் அவருக்குப் போன் செய்தார். கடிதம் வந்ததும் அவர்கள் பிரஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். சோதிப்பதற்காக, கை வைக்கும் இடத்தில் ஒரு சவுக்குக் கட்டையை நீட்டிவிட்டு மெஷினைப் போட்டார்களாம். திரை நிறுத்தவில்லை. கட்டை சிராய் சிராயாகப் பறந்தது. “மேடம், வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த எடத்துல என் கைதான் இருந்துச்சு” என்று அந்தப் பெண் சொன்னாராம்.

விசாரணை நடந்தது. தனசேகர் சிறைக்குப் போனார். ஆனால் எஸ்தர் மேடம் கொடுத்த வாக்குமூலத்தில் என் பெயரும் இருந்தது. கடைசி வரியை மாற்றச் சொல்லி நான் எழுதிய மெயிலை அவரே எடுத்துக் கொடுத்தார். என் பதவி போனது. ஸ்டோருக்கு மாற்றினார்கள். அன்று மாலை சேலையூரில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டை எட்டி உதைத்தேன். தெருவே பார்த்தது. “உங்களுக்காக அடி வாங்கினேனே மேடம்! என்னையே காட்டிக் கொடுத்தீங்களா?” என்று கத்தினேன். வாசலில் இருந்த பூந்தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தேன்.

அவர் கீழே இறங்கி வந்தார். உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. “உங்க பேரை மட்டுமா எழுதினேன்? கையெழுத்துப் போட்ட என் பேரையும் எழுதியிருக்கேன் சார். நம்மளை விட்டுட்டு அந்த ஆளை மட்டும் எழுதினா, அது பழி தீர்க்கறது” என்றார். உடைந்த தொட்டியின் மண்ணை நானே அள்ளினேன்.

பலராமன் எங்கள் இருவரையும் உடனே மன்னிக்கவில்லை. முதல் முறை பார்க்கப் போனபோது இடது கையால் தண்ணீர்ச் செம்பை மேடத்தின் மேல் எறிந்தார். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்க. எனக்குக் கையே இல்ல!” செம்பு பட்டு மேடத்தின் நெற்றி வீங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மேடம் சர்ச் முடிந்து நேராக அங்கே போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். எத்தனையாவது ஞாயிறு பலராமன் அவரை உட்காரச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மேடம் ஸ்டோருக்கு வந்து புதிய ஒப்பந்தத்தின் வரைவை என் முன்னால் போட்டார். “இதுல எங்க ஓட்டை போடலாம்னு பாருங்க சார். உங்களுக்குத்தான் அது தெரியும்.” அவமானமாக இருந்தது. ஆனாலும் படித்தேன். மூன்று ஓட்டைகள் கண்டுபிடித்தேன். மூன்றையும் அடைத்தார். ‘யாரையும் கேட்காமல்’ என்ற சொற்களை என் கையாலேயே எழுத வைத்தார். அதன் பிறகு எங்கள் தொழிற்சாலையில் அந்த உரிமையைப் பயன்படுத்தி எத்தனையோ முறை மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத சந்தேகம்தான். யாரும் யாரையும் திட்டியதில்லை.

அடக்கத்தின்போது எல்லோரும் அவருடைய தைரியத்தைப் பற்றிப் பேசினார்கள். பலராமன் சவப்பெட்டியின் ஒரு பக்கத்தை இடது தோளில் சுமந்தார். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், முடியவில்லை. அங்கே சொல்ல வந்ததை இங்கே சொல்கிறேன். எஸ்தர் மேடம் தைரியசாலி அல்ல. நான் பார்த்தவர்களிலேயே அதிகம் பயந்தவர். ஓடுகிற ஒவ்வொரு மெஷினின் முன்னாலும் யாரோ ஒருவருடைய கை நசுங்குவதை அவர் முன்கூட்டியே பார்த்தார், பயந்தார், பயந்ததை எழுதினார். போன வாரம் ஸ்டோருக்கு வந்த பாரம் தூக்கும் கொக்கி ஒன்றில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. கீறலா அழுக்கா என்று தெரியவில்லை. அதே சரக்கோடு வந்த இன்னொரு கொக்கி ஷெட்டில் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. பயந்தேன். ஓடிப் போய்க் கிரேனை நிறுத்தினேன். அந்தப் பயம் எனக்குச் சொந்தமானது அல்ல. அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.