முத்து லைவில் இருக்கிறான்

ஹாம்பர்க்கில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. வாஷிங் மெஷின் ஓடினால்கூட முகம் சுளிப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் ஒரு ஞாயிறு மத்தியானம் கைபேசியைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "ஏலே, சுருதி இறங்குதுல!" உடனே கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஃபிராவ் ஹோல்ம். யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். என் நண்பன் பாடுகிறான், சரியாகப் பாடவில்லை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். "அப்படியானால் அணைத்துவிடுங்களேன்" என்றார். அணைப்பதாவது! முத்து பாடும்போது பாதியில் எழுந்துபோகிற பழக்கமே எனக்குக் கிடையாது. அதை அந்த அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

முத்து சங்கரன்கோவிலில் என்னோடு படித்தவன், மெல்லிசைக் கச்சேரிப் பாடகன். சிவகிரி, திருவேங்கடம் என்று எந்த ஊர்க் கோயில் கொடையில் பாடினாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். முடிந்ததும் புரோட்டா கடை. சால்னா ஊற்றும்போதே, "சொல்லுல, எங்கன சொதப்புனேன்?" என்பான். ஒவ்வொரு பாட்டாகப் பிரித்து மேய்வேன். நன்றாக இருந்தது என்று தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். "ஊரே சொல்லுதத நீயும் சொல்லுததுக்கா உனக்குப் புரோட்டா?"

இப்போது அவனுக்கு ஒரு சேனல் இருக்கிறது. ஞாயிறுதோறும் வீட்டிலிருந்தே லைவ். ஃபிராவ் ஹோல்ம் வந்துபோன பிறகு கத்த முடியாதே, அதனால் கமெண்டில் எழுதினேன்: "ஏலே முத்து, தொண்டை கட்டியிருக்கு, மேல போகாத." அவ்வளவுதான். யார் யாரோ பாய்ந்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்றார் ஒருவர். நீ பாடு பார்ப்போம் என்றார் இன்னொருவர். நேற்று முளைத்த ரசிகர்கள், எனக்கு முத்துவைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்! பதில் எழுதுவதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

லைவ் முடிந்ததும் போன் அடித்தேன். அவன் மனைவி மாரிச்செல்வி எடுத்தாள்.

"கோவிக்காதீங்கண்ணே, நாந்தான் பிளாக் பண்ணுனேன். கல்யாண வீட்டுக்காரங்க கமெண்டப் படிச்சிட்டுத்தான் கச்சேரிக்குக் கூப்பிடுதாங்க. நீங்க இப்படிப் போட்டா யாரு கூப்பிடுவா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் கூடியது. முத்து போனை வாங்கினான்.

"மக்கா, ஆளுக முன்னால வேண்டாம்ல. போன்ல சொல்லு."

"நீ எங்கல போன எடுக்க?"

"நான் லைவ்ல இருப்பேன்லா!"

தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவு பேசினானே, எங்கே சொதப்பினேன் என்று மட்டும் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் வலித்தது.

அடுத்த ஞாயிறு மாரிச்செல்வி என்னை மறுபடி உள்ளே விட்டாள். அதே பாட்டு, அதே இடத்தில் திணறினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஹார்ட் போட்டேன். முத்து திரையைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் ஊர்ப் பேச்சையெல்லாம் துடைத்தெடுத்த குரலில், "ஜெர்மனியிலிருந்து நம் நிகழ்ச்சியைக் கண்டுகளிக்கும் ரசிகர் கணேசன் சார் அவர்களுக்கு மனமார்ந்த நன்றி" என்றான்.

சாராம், அவர்களாம்! 'ஏலே, நான் சங்கரன்கோவில்காரன்ல' என்று தட்டினேன். அனுப்பினால் மறுபடி வெளியே தள்ளிவிடுவார்களே என்று பயமாக இருந்தது. அழித்துவிட்டு இன்னொரு ஹார்ட் போட்டேன். அதற்குள் முத்து குவைத் ரசிகருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.