அபாயாவுக்குள் ஒரு பிஸ்டல்

துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்தேன். ரைபிளில் தொடங்கி, பிறகு ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டிவரை போனேன். கல்யாணமாகி துபாய் வந்தபின் சில வருடங்கள் அல் குசைஸில் ஃபிளாட், குழந்தை, சமையல் என்று ஓடின. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், பாலைவனச் சாலையில் இருக்கும் ஒரு கிளப்பில் பெண்களுக்குச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தது. மாமியாரிடம் இன்றுவரை "ஸ்போர்ட்ஸ் கிளப்" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம். அது பொய்யும் இல்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள். இலக்குக் காகிதத்தில் சுட்டுவிட்டு, ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். துப்பாக்கி, சுடுமிடமான ரேஞ்சைவிட்டு வெளியே போகாது. எங்களைப் போல வேலைக்கு வந்தவர்கள் சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அதனால், வெளியே தெரியாமல் உடம்போடு வைத்துக்கொள்கிற பிஸ்டல் எப்படி இருக்க வேண்டும் என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே அந்த நான்கு பெண்கள் வந்த பிறகுதான்.

ஒரு பெரிய வீட்டின் பாதுகாப்புக் குழு அது. அந்த வீட்டு அம்மாவும் குழந்தைகளும் பள்ளிக்கூடம், மால், கல்யாணம் என்று எங்கே போனாலும் கூடவே போகிறவர்கள். நால்வரும் இந்த நாட்டுக்காரர்கள். உரிமமும் அனுமதியும் அவர்களுடைய அலுவலகம் முறையாக வாங்கிவைத்திருந்தது. பழைய பிஸ்டல்களை மாற்ற வேண்டிய நேரம். அலுவலகம் மூன்று மாடல்களை எங்கள் கிளப்புக்கு அனுப்பி, சுட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. நால்வருக்கும் ஒரே மாடல்தான். ஆபத்து நேரத்தில் ஒருத்தியின் தோட்டா அடுக்கிய மேகசின் இன்னொருத்தியின் பிஸ்டலுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? நான் கூடவே இருந்து பார்த்து, என் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

குழுவின் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். போலீஸில் இருந்துவிட்டு வந்தவர். அகலமான தோள், மெதுவான நடை. நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை "உஸ்தாதா" என்று கூப்பிடுவார். டீச்சர் என்று அர்த்தம். நாங்கள் பேசியது ஆங்கிலமும் இந்தியும் அரபியும் கலந்த ஒரு பாஷை. அதைத் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் மூன்று பிஸ்டல்களையும் மேஜையில் வைத்தேன். ஒன்று முழுக்க இரும்பு. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய முடியாது. இன்னொன்று நடுத்தரம், ஆனால் கைப்பிடி தடிமன். நால்வரில் இரண்டு பேருக்கு விரல் ட்ரிகருக்குச் சரியாக எட்டவில்லை. மூன்றாவது சின்னது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அபாயா என்கிற நீள அங்கிக்குள் வைத்தால் இருக்கிற இடமே தெரியாது. நால்வர் கண்ணும் அதன்மேல்தான்.

"யல்லா, இதுதான். முடிஞ்சுது வேலை" என்றாள் அவர்களில் இளையவள்.

"ஒளிச்சு வைக்கிறது சுலபமா இருந்தாப் போதாது. வெளிய எடுக்குறப்ப சுடணும்" என்றேன்.

போட்டித் துப்பாக்கியை நான் பெட்டியில் வைத்துத் துணி போட்டு மூடி எடுத்துப் போவேன். இவர்களுடையது அப்படி இல்லை. ஏசி காரிலிருந்து ஆகஸ்ட் மாத வெளிக்காற்றுக்கு இறங்கினாலே இரும்பில் தண்ணீர் பூக்கும். வியர்வை, துணியின் நூல்துகள், எங்கே போனாலும் விடாத மணல் எல்லாம் சேரும். எடுக்காமலே மாதக்கணக்கில் கிடக்கும், ஆனால் எடுக்கிற அன்றைக்குத் தகராறு செய்யக் கூடாது. அதனால் துடைக்காமல், எண்ணெய் போடாமல், வாரக்கணக்கில் சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

பிஸ்டலின் மேல்பாகத்தை ஸ்லைடு என்போம். அதை ஒருமுறை கையால் பின்னுக்கு இழுத்து விட்டால் முதல் தோட்டா ஏறும். அதன்பின் சுடும்போதெல்லாம் அந்த உதைப்பிலேயே ஸ்லைடு தானாகப் பின்னால் போய், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஆனால் பிடித்திருக்கும் கை உறுதியாக நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து பிஸ்டலோடு சேர்ந்து பின்வாங்கினால், ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். சின்னப் பிஸ்டலில் இந்தத் தொல்லை அதிகம். எடை குறைவு, உதைப்பு அதிகம், ஸ்பிரிங்கும் கடினம்.

இரண்டாவது வாரம் சின்னப் பிஸ்டல் மாட்டிக்கொண்டது. தலைவியின் கையில். காலிக் கூடு பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிமிர்ந்து நின்றது. அவர் அதைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். மறுபடி மாட்டியது. மேகசினை மாற்றினேன். தோட்டாவை மாற்றினேன். அதேதான். அதே பிஸ்டலை வாங்கி இளையவள் சுட்டாள், ஒழுங்காகச் சுட்டது. நான் சுட்டேன், எனக்கும் ஒழுங்காகவே சுட்டது.

"இது மாஃபி குட். திருப்பி அனுப்பிடு" என்றார் தலைவி. சொல்லிக்கொண்டே என்னிடமிருந்து பிஸ்டலை வாங்கி மறுபடி தோட்டா ஏற்றினார்.

நான் அவர் ஸ்லைடை இழுக்கும் விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் இழுக்காமல், பிஸ்டலை வயிற்றோடு அணைத்து, உடம்பையே திருப்பி இழுத்தார். திரும்பும்போது துப்பாக்கி முனையும் கூடவே திரும்பியது. பக்கத்துத் தடுப்பில் நின்றிருந்த இளையவள் பக்கம். நான் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்து முனையை இலக்குப் பக்கம் திருப்பினேன்.

"கலாஸ். இன்னிக்கு நிறுத்திக்கலாம்" என்றேன் எல்லோரிடமும்.

மற்றவர்கள் வெளியே கரக் டீ குடிக்கப் போனார்கள். தலைவி துப்பாக்கி துடைக்கும் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினேன்.

"மேடம், உங்க வலது கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"துப்பாக்கி மேல தப்பு இல்ல. உங்க மணிக்கட்டு நிக்க மாட்டேங்குது. வலிக்குதா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு சுடும்போதும் கழற்றாத கையுறையைக் கழற்றிக் காட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாக வீங்கி, கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில், வீட்டின் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பளிங்குப் படியில் வழுக்கிவிட்டாராம். குழந்தைக்கு அடிபடாமல் ஒரு கையை ஊன்றி விழுந்திருக்கிறார். குழந்தை அழக்கூட இல்லை. இவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் டூட்டிக்குப் போயிருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேமரா ரூம்ல உக்கார வெப்பாங்க. அப்புறம் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவளுக்கு அதான் நடந்துச்சு. அந்தப் பிள்ளைங்க பொறந்ததுல இருந்து நான் கூட இருக்கேன். நீ எழுதாத, உஸ்தாதா. துப்பாக்கி சரியில்லன்னு எழுது."

"முனை எங்க திரும்புச்சுன்னு பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. நான் சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டது. "நீ காகிதத்தைச் சுடச் சொல்லிக் குடுக்குறவ. என் வேலையப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கெதுக்கு கண்ணு இந்த வம்பு? அவிய ஊரு, அவிய துப்பாக்கி. அந்தம்மா ஒரு போன் போட்டா நம்ம விசா என்னாகும்?"

"அந்த முனை பக்கத்துல நிக்குற புள்ளையப் பாத்துத் திரும்புதுங்க. நாளைக்குப் பள்ளிக்கூட வாசல்ல திரும்புனா?"

அவர் எழுந்து சட்டையை மாற்றப் போனார். அவர் சொன்னது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் பயம் இருந்தது. அடுத்த சில நாள் கிளப் ஆபீஸில் போன் அடித்தாலே காது அங்கே போனது.

போன் வரவில்லை. தலைவிதான் தனியாக வந்தார், மற்றவர்கள் வராத ஒரு முற்பகலில். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்ல. நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன்" என்றார். இளையவளைத்தான் சொன்னார். முனை அவள் பக்கம் திரும்பியது இத்தனை நாளாக மனதைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

"உங்க ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க மேடம். நீங்க சொல்லலைன்னா நான் எழுதத்தான் வேண்டியிருக்கும். அதை உங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுறேன்."

"சொல்லுறேன். ஆனா அதுக்கு முன்னாடி, இந்தக் கையால சுடுற துப்பாக்கி ஒண்ணு உலகத்துல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

கிளப் அலமாரியில் ஒரு மாடல் இருந்தது. ஸ்லைடு இலகுவாக நகர வேண்டும் என்றே செய்தது. வயதானவர்கள், மூட்டுவலிக்காரர்கள் வந்தால் அதைத்தான் எடுப்போம். கிளப்பில் மற்றவர்கள் அதைக் கிழவி துப்பாக்கி என்று கேலி செய்வார்கள். பிடியில் ஒரு தனி அழுத்துபட்டை உண்டு. உள்ளங்கை முழுதாகப் பிடித்தால்தான் சுடும்; கைதவறி விழுந்தாலோ துணியில் சிக்கினாலோ சுடாது. சின்னதைவிட ஒரு விரல் நீளம், கொஞ்சம் எடை. அந்த எடையே உதைப்பைப் பாதி வாங்கிக்கொள்ளும். முதலில் தோட்டா இல்லாமல் கொடுத்தேன். இடது கையை மேலே வைத்து இழுத்தார். ஸ்லைடு சத்தமில்லாமல் பின்னால் போனது. முனை இலக்கைவிட்டு அசையவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும். சின்னப் பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தோட்டா போட்டோம். மெதுவாகத்தான் சுடவிட்டேன், இடையிடையே கையை ஆறவிட்டு. ஒருமுறைகூட மாட்டவில்லை. அடுத்த வாரங்களில் மற்ற மூவரும் அதையே துடைக்காமல் சுட்டார்கள். ஒருநாள் நான் வேண்டுமென்றே வாசல் மணலில் புரட்டி, உதறிவிட்டுக் கொடுத்தேன். அப்போதும் சுட்டது.

"ஆனா பெருசா இருக்கே. இடுப்புல துருத்துது" என்றாள் இளையவள். அது நியாயமான பேச்சு. துருத்திக்கொண்டு தெரிந்தால் பிறகு ஒளித்து வைப்பதில் அர்த்தமே இல்லை.

எங்கள் தெருவில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் அபாயா கடை வைத்திருக்கிறார். தையலும் அவர்தான். தலைவியை அங்கே அழைத்துப் போனேன். துப்பாக்கியை எடுத்துப் போக முடியாதல்லவா? அதே கனத்துக்கு இரண்டு பவர் பேங்க்கைச் சேர்த்துக் கட்டி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, தலைவியின் இடுப்புப் பட்டையில் மாட்டிவிட்டேன்.

"பாய், இது மேல துணி படியாத மாதிரி ஒரு அபாயா வேணும். பக்கவாட்டுல கை உடனே உள்ள போகணும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியக் கூடாது."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சுகர் மெஷினாம்மா? எங்க லாத்தாவும் இப்பிடித்தான் இடுப்புல ஒண்ணு மாட்டியிருக்காஹ." லாத்தா என்றால் அக்கா; சுகர் மெஷின் என்றது இன்சுலின் பம்ப்பை.

"ஆமா பாய். அது மாதிரிதான்."

"சுகர் மெஷினுக்கு எதுக்கு உடனே கை போகணும்?"

அவர் என்ன கேட்கிறார் என்று தலைவி என்னிடம் கேட்டார். சொன்னேன். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். கடைக்காரர் தலைவி நிற்கும் தோரணையையும் கால் பூட்ஸையும் ஒருமுறை பார்த்தார். "சரிம்மா, நான் ஒண்ணும் கேக்கல" என்று டேப்பை எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கனமான க்ரேப் துணி, இடுப்பிலிருந்து விரிகிற வெட்டு, பக்கத் தையலில் பொத்தானுக்குப் பதிலாகக் காந்தம். தைத்து முடித்ததும் தலைவி போட்டுக்கொண்டு நடந்தபோது, எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்த எனக்கே அது கண்ணில் படவில்லை. கை மட்டும் ஒரே அசைவில் உள்ளே போய் வந்தது.

அந்த மாடலையே நால்வருக்கும் பரிந்துரைத்தேன். அலுவலகம் ஒத்துக்கொண்டது. தலைவி அதைச் சுட்டுப் பார்த்த மறுநாளே தன் கையைப் பற்றித் தானே போய்ச் சொல்லிவிட்டிருந்தார். அவர் பயந்ததில் பாதி நடந்தது: கேமரா ரூமில் உட்காரவைத்தார்கள். மணிக்கட்டில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். இளையவள் ஒவ்வொரு வாரமும் சுட வரும்போது, "மேடம் இப்ப ரொம்ப கோபமா இருக்காங்க, திரையில எங்களைப் பாத்துட்டு போன்ல திட்டுறாங்க" என்பாள். சில மாதம் கழித்து அவரே வந்தார், டாக்டர் அனுமதியோடு. பக்கத்துத் தடுப்பில் ஆள் நிற்கவைத்துத்தான் சுடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இளையவள் நின்றாள். முனை நேராகவே இருந்தது. அந்த வாரமே அவரைத் திரும்ப வெளி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

போன ரமலானுக்கு முன்னால் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஒரு அம்மாவுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் பின்னால், ரொட்டி அடுக்கியிருந்த பக்கம் நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் என் கண் அவர் இடுப்புக்குப் போனது. ஒன்றும் தெரியவில்லை. அவர் என் முகத்தை, தள்ளுவண்டியை, என் மகளின் கைகளைப் பார்த்தார். எல்லோரையும் பார்ப்பது போலவே. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் வணக்கம் சொல்லவில்லை. மகளுக்கு வேண்டிய ரொட்டி அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டோம்.