கழுவிக்கொண்டு போன கை

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தக் கைக்கு எண்ணெய் தேய்க்கத்தான் நன்றாக வரும். ஒகேனக்கல்லில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் கூச்சக்காரனான எனக்கு அது பொருந்திப்போனது.

எண்பத்திரண்டாம் வருடம் ஆடியில் வலது கை விரல்களில் சீழ்க்கொப்புளம் கிளம்பியது. பதினெட்டாம் பெருக்குக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தை விட்டால் அந்த வருடப் பிழைப்பே போய்விடும். மூன்று முறை பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தும் அடங்கவில்லை. பக்கத்துப் பாறையில் தேய்க்கிற கூட்டாளி, "அந்தக் கையால தொட்டீனா குளிக்க வந்தவன் பயந்து ஆத்துல குதிச்சிருவான்டா" என்றான்.

தருமபுரியில் ஒரு டாக்டரம்மா சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி, பூதக்கண்ணாடி மிஷினில் பார்த்து அன்றைக்கே சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு பொம்பளை டாக்டர் முன்னால் சீழ் வடிய எப்படிப் போய் நிற்பது? சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஊதா மருந்தும் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"சீழ் எங்கீங்க?"

"கழுவிட்டேனுங்க."

"நான் கண்ணாடியில போட வேண்டிய சாயத்தையும் நீங்களே பூசிட்டு வந்துட்டீங்க. நாளைக்கு அப்படியே வாங்க. வூட்டுல ஒண்ணும் போடக் கூடாது."

மறுநாள் கையைத் துண்டுக்குள் மூடிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "உள்ள என்னங்க, கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். விளக்கக் கூச்சப்பட்டு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "வெல எவ்ளோங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். பென்னாகரத்தில் அவர் இறங்கும் வரை எனக்கு வியர்த்தது.

சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போன டாக்டரம்மா அரைமணி நேரத்தில் கூப்பிட்டு, மிஷினில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டித் திராட்சைக்கொத்துகள்.

"இதுங்கதான். இந்தக் கிருமி பெரும்பாலும் பென்சிலினுக்கு மசியாது. வேற மாத்திரை எழுதறேன்."

"ஊசி இல்லீங்களா?"

"இல்ல. ஏழு நாளும் முழுங்கணும். நடுவுல ஆறிட்டாலும் நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் யாரையும் தொடாதீங்க."

நான்காம் நாளே புண் காய்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து, இடுப்பில் கட்டியோடு கூட்டாளி வந்து நின்றான். "உனுக்குத்தான் ஆறிட்டுதே, மிச்ச மாத்திரைய இங்க குடுறா."

யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு. மாத்திரைப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டேன்.

"தர மாட்டன். தருமபுரிக்குப் போ. கழுவாம போ."

பதினெட்டாம் பெருக்கன்று வந்த முதல் ஆள் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறையில் குப்புறப் படுத்தார்.

1989, ஆவணி 3